முப்பதாயிரத்துக்கு லேப்டாப்: புது மொக்கையா, பழைய சிங்கமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து காலேஜ் சீட்டும் கைக்கு வந்தாச்சுன்னா, பொட்டி தட்டுற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு சீசன் ஆரம்பிச்சுடும். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பால் ஊத்துற அண்ணன்னு எல்லாருக்கும் ஒரே கேள்வி. "தம்பி, பாப்பாவுக்கு லேப்டாப் வாங்கணும். முப்பதாயிரம் வரைக்கும் போகலாம். எது நல்லது?"

நம்மாளுங்க பல பேர் இதுக்கு ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிட்டுப் போயிடறோம். "ஆன்லைன்ல பாருங்கண்ணே, ஆஃபர்ல நிறைய இருக்கு." அவ்ளோதான். ஆனா கேக்கறவருக்கு அது ரெண்டு நிமிஷ விஷயம் இல்லை. அந்த முப்பதாயிரம் சீட்டு எடுத்த காசா இருக்கும், இல்லாட்டி மகளிர் குழு லோனா இருக்கும். படிப்பு முடியற வரைக்கும் அந்த ஒரு மெஷின்தான். நடுவுல அது படுத்துடுச்சுன்னா இன்னொண்ணு வாங்க வழி கிடையாது. அதனால இதைக் கொஞ்சம் விலாவாரியா எழுதிடலாம்னு தோணுச்சு. அடுத்த தடவை யாராவது கேட்டா இதையே படிக்கக் கொடுத்துடலாம் பாருங்க :-)

என் கருத்தை முதல்லயே போட்டு உடைச்சுடறேன். கையில முப்பதாயிரம்தான்னா, கடையில இருக்கற புது மாடல்கள்லயே விலை கம்மியான ஒண்ணை வாங்காதீங்க. ஆபீஸ் உபயோகத்துக்குன்னு செஞ்ச, 2018 வாக்குல வந்த, நல்ல பழைய மாடலை சோதிச்சுப் பார்த்து வாங்குங்க. எந்த வருஷம் வந்த மாடல்ங்கறதை விட, அது பிறந்தப்போ யாருக்காக செஞ்சாங்கங்கறதுதான் முக்கியம்.

ஏன்னு சொல்றேன்.

புது பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

லேப்டாப்ல ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, வேலையை முன்னாடி வெச்சு செய்யறது. இன்னொண்ணு, விலையை முன்னாடி வெச்சு செய்யறது. ரெண்டாவது வகைல "இவ்வளவுக்குள்ள நிக்கணும்"னு முதல்ல விலையை முடிவு பண்ணிடுவாங்க. அப்புறம் எங்கெங்க கை வைக்கலாம்னு பார்ப்பாங்க. எங்கெல்லாம் கை வைக்கறாங்கன்னு பாருங்க.

முதல்ல ப்ராசசர். உதாரணத்துக்கு செலரான் என்4500. 2021ல வந்தது. ரெண்டே கோர், ரெண்டே த்ரெட். செலரான், பென்டியம்ங்கற பேருங்களை லேப்டாப்புகள்ல 2023லிருந்து வெறும் "இன்டெல் ப்ராசசர்"னு இன்டெல் மாத்திடுச்சு. பேர் மாறினதுக்கு அப்புறமும் பழைய பேர் ஒட்டின மெஷின்களை "புது லேப்டாப்"னு வித்துக்கிட்டுதான் இருந்தாங்க. பிரவுசர்ல பத்து டேப், பின்னாடி ஒரு ஆன்டிவைரஸ், நடுவுல ஒரு வீடியோ கிளாஸ். இந்த மூணும் சேர்ந்தா ரெண்டு கோர் மூச்சு வாங்கும்.

அடுத்தது ஸ்டோரேஜ். விலை ரொம்பக் குறைஞ்ச மெஷின்கள்ல எஸ்.எஸ்.டி.க்கு பதிலா இ.எம்.எம்.சி.ன்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க. மெமரி கார்டுக்குப் பெரியப்பா பையன் மாதிரி. மதர்போர்டுலயே பத்த வெச்சிருப்பாங்க, கழட்டி மாத்த முடியாது. 64 ஜி.பி.ன்னு எழுதியிருக்கும். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்ற குறைஞ்சபட்ச இடமே 64 ஜி.பி.தான். அதாவது வீடு கட்டி முடிச்சதும் நிக்க இடம் இல்லை. ஆறு மாசம் அப்டேட் வந்தா டிஸ்க் நிறைஞ்சுடும். அதுக்கப்புறம் அப்டேட்டே இறங்காது.

மூணாவது ராம். 4 ஜி.பி., இல்லாட்டி 8 ஜி.பி. அதையும் போர்டோட பத்த வெச்சுடுவாங்க. ஸ்லாட்டே இருக்காது. இன்னைக்கு என்ன வாங்கறீங்களோ, நாலாவது வருஷமும் அதேதான்.

நாலாவது, கண்ணுக்குத் தெரியாத இடங்கள். கீழ்ச்சு (ஹிஞ்ஜ்னு கடையில சொல்வாங்க), கீபோர்டு, பேட்டரியோட அளவு, ஸ்க்ரீன். கொஞ்சம் பக்கவாட்டுல சாய்ஞ்சு பார்த்தா நிறம் வெளுத்துப் போற டி.என். பேனல். 1366க்கு 768. ஒரு பி.டி.எஃப்.பைத் திறந்து பக்கத்துல நோட்ஸ் எழுதலாம்னா இடமே பத்தாது.

எங்க தெருவுல இட்லிக் கடை வெச்சிருக்கற அக்கா, பொண்ணுக்கு பி.காம். சேர்ந்தப்போ இந்த மாதிரி ஒண்ணு வாங்கினாங்க. புதுசு, வாரன்ட்டி இருக்கு, பளபளன்னு இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் அந்தப் பொண்ணு தூக்கிக்கிட்டு வந்துச்சு, "அண்ணா, எக்செல் திறக்கறதுக்கே அஞ்சு நிமிஷம் ஆகுது"ன்னு. திறந்து பார்த்தேன். ராம் ஏத்த ஸ்லாட் இல்லை. டிஸ்க்கை மாத்த வழி இல்லை. தேவையில்லாததை எல்லாம் அழிச்சுக் கொடுத்தேன், அவ்ளோதான் பண்ண முடிஞ்சுது. அந்த லேப்டாப்புக்கு எடுத்த குழு லோன்ல இன்னும் தவணை பாக்கி இருந்துச்சு. பொண்ணு பிராஜெக்ட் வேலையெல்லாம் காலேஜ் லேப்ல உக்காந்துதான் முடிச்சது.

அந்த அக்கா செஞ்சதுல ஒரு தப்பும் இல்லை. கடைக்காரர் "லேட்டஸ்ட் மாடல்"னு சொன்னதும் பொய் இல்லை. அந்த ரெண்டு வார்த்தை எதைச் சொல்லுதுன்னு யாரும் அவங்களுக்கு விளக்கலை. அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

நியாயமா ஒண்ணு சொல்லணும். 2023ல வந்த இன்டெல் என்100 மாதிரி சிப்புங்க செலரான் அளவுக்கு மோசம் இல்லை. நாலு கோர். கரண்ட்டும் ரொம்ப கம்மியா சாப்பிடும். ஒரு நல்ல எஸ்.எஸ்.டி.யோட, 8 ஜி.பி. ராமோட வந்தா ஓரளவுக்குக் காலம் தள்ளலாம். ஆனா அதோட வேகமும் கிட்டத்தட்ட நான் கீழ சொல்லப் போற 2017 ப்ராசசர் பக்கத்துலதான் வந்து நிக்கும். அப்போ அதே வேகத்துக்கு நல்ல உடம்போட வர்ற மெஷினை வாங்கலாமேங்கறதுதான் என் கட்சி.

புதுப் பேரு, பழைய ஆளு

"அண்ணே, நான் செலரான் எல்லாம் வாங்கலை. ரைசன் 7000 சீரிஸ் வாங்கறேன்"னு ஒரு தம்பி சொல்லுவாரு. சந்தோஷம். எந்த 7000?

ஏ.எம்.டி.யோட அந்த சீரிஸ்ல நாலு எண் இருக்கும். முதல் எண் எந்த வருஷத்து வரிசைன்னு சொல்லும். உள்ள இருக்கற வடிவமைப்பு என்னன்னு சொல்றது மூணாவது எண். ரைசன் 5 7520யு-ல மூணாவது எண் 2. அப்படின்னா ஜென் 2. அந்த வடிவமைப்பு முதல்ல வந்தது 2019ல. அதே சீரிஸ்ல ரைசன் 5 7530யு-ல மூணாவது எண் 3, அதாவது ஜென் 3. கோரும் ஆறு. பேருல ஒரே ஒரு எண்தான் வித்தியாசம், உள்ளுக்குள்ள ரெண்டும் வேற வேற மெஷின்.

இன்டெல்லும் இதுல சளைச்சது இல்லை. 2024ல வந்த கோர் 5 120யு பேரைப் பார்த்தா புத்தம் புதுசு மாதிரி இருக்கும். உள்ள இருக்கறது முந்தின 13ஆம் தலைமுறையோட ராப்டர் லேக்தான். மோசமான சிப்னு சொல்ல வரலை. புதுப் பேருக்குன்னு கூடுதல் காசு கொடுக்கணுமாங்கறதுதான் கேள்வி.

ஆக, "பழசு வேணாம், புதுசுதான் வேணும்"னு அடம் பிடிச்சாலும் நீங்க வாங்கறதுல பாதி பழசுதான். அப்புறம் என்ன, நல்ல பழசா பார்த்து வாங்குவோமே!

எது நல்ல பழசு?

இங்க ஒரு கோடு போட்டுக்கலாம். இன்டெல்னா 8ஆம் தலைமுறை. அதுக்குக் கீழ வேணாம். இதுக்கு ரெண்டு காரணம்.

முதல் காரணம், கோர். 2016ல வந்த ஐ5-7200யு-ல ரெண்டு கோர்தான். 2017ல வந்த ஐ5-8250யு-ல நாலு கோர், எட்டு த்ரெட். ரெண்டும் அதே 15 வாட் ரகம். ஒரே வருஷத்துல கோர் ரெண்டு மடங்கு. லேப்டாப் ஐ5ல அதுக்கு முன்னாடி பல வருஷமா நடக்காத தாவல் அது. ஆனா எச்சரிக்கையா இருங்க, 8ஆம் தலைமுறைன்னு சொல்லி ஐ3-8130யு-வைத் தலையில கட்டுவாங்க. அது ரெண்டு கோர்தான்.

ரெண்டாவது காரணம், விண்டோஸ். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. அதுக்கப்புறம் பாதுகாப்பு அப்டேட் மட்டும் ஒரு வருஷம் நீட்டிச்சுக் கொடுத்தாங்க, அது ஒட்டுப் போடற வேலைதான். விண்டோஸ் 11 வேணும்னா டி.பி.எம். 2.0 இருக்கணும். இன்டெல்ல 8ஆம் தலைமுறையிலிருந்து, ரைசன்ல 2000 சீரிஸ்ல இருந்துதான் மைக்ரோசாஃப்ட் பட்டியல்லயே சேர்த்தாங்க. ஏழாவது தலைமுறை மெஷினை "விண்டோஸ் 11 போட்டுத் தர்றேன் சார்"னு கடையில சொல்வாங்க. குறுக்கு வழில போடலாம்தான். நாளைக்குப் பெரிய அப்டேட் வரும்போது அது ஏறுமா ஏறாதான்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இந்தக் கோட்டுக்கு மேல, 2018ல வந்த ஆபீஸ் மெஷின்கள்ல நான் சிபாரிசு பண்றது மூணு. லெனோவோ திங்க்பேட் டி480, எச்.பி. எலைட்புக் 840 ஜி5, டெல் லேட்டிட்யூட் 5490. மூணுலயும் ராமுக்கு ரெண்டு ஸ்லாட் உண்டு. எஸ்.எஸ்.டி.யை நாலஞ்சு ஸ்க்ரூ கழட்டி மாத்தலாம். எப்படிக் கழட்டறதுன்னு படம் போட்ட மேனுவலை அந்தந்த கம்பெனியே இலவசமா வெளியிட்டிருக்கு. டி480ல இன்னொரு வசதி, உள்ள ஒரு பேட்டரி, வெளிய ஒரு பேட்டரி. வெளிய இருக்கறதை மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே கழட்டி மாத்தலாம்.

மாடல் பேருல ஒரு எழுத்து விடாமப் பாருங்க. டி480ல ரெண்டு ராம் ஸ்லாட். டி480எஸ்-ல கொஞ்சம் ராம் போர்டுலயே பத்தியிருக்கும், ஒரு ஸ்லாட்தான். அடுத்த வருஷம் வந்த டி490லயும் அதே கதை. இங்க புதுசுதான் வசதி கம்மி :-)

ராம் ஸ்லாட்டைப் பத்தி ஏன் இவ்வளவு பேசறேன்னா, 2025 கடைசியில ராம் விலை கன்னாபின்னான்னு ஏற ஆரம்பிச்சுது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரி செய்யறதுல லாபம் அதிகம்னு தயாரிப்பாளருங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. நம்மாளுங்க ஆசையா வாங்கற க்ரூசியல் ராம் வியாபாரத்தையே விட்டு வெளியேறப் போறதா மைக்ரான் 2025 டிசம்பர்ல அறிவிச்சுது. இந்த நிலைமைல ஸ்லாட் இருந்தா, இன்னைக்கு 8 ஜி.பி.யோட ஓட்டிட்டு, கை கொஞ்சம் தாராளமா இருக்கும்போது இன்னொரு 8 போட்டுக்கலாம். ஸ்லாட் இல்லைன்னா, விலை இறங்கினாலும் உங்களுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்லை.

பழைய மேக்புக் பக்கம் ஆசைப்படறவங்களுக்கு ஒரு வரி. இன்டெல் சிப் உள்ள மேக் வேண்டவே வேணாம். 2025ல வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி மேக் ஓ.எஸ்.னு ஆப்பிளே சொல்லிடுச்சு. 2020 கடைசியில வந்த எம்1 ஏர் நல்ல மெஷின்தான். ஆனா ராமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ளயே ஒட்டினது. ஏதாவது ஒண்ணு போனா மொத்த போர்டும் போச்சு.

"உழுகிற மாடா இருந்தா உள்ளூர்லயே விலை போயிருக்காதா?"

செகண்ட் ஹேண்ட்னு சொன்னதும் நம்ம பெரியவங்க கேக்கற கேள்வி இது. நியாயமான கேள்வி. நல்ல மெஷினா இருந்தா கம்பெனிக்காரன் ஏன் தள்ளி விடறான்?

பதில் மெஷின்ல இல்லை, கணக்குப் புத்தகத்துல இருக்கு. 2013 கம்பெனிகள் சட்டத்தோட இரண்டாவது அட்டவணைல எந்தப் பொருளுக்கு எத்தனை வருஷம் ஆயுசுன்னு போட்டிருக்காங்க. சர்வருக்கு ஆறு வருஷம். லேப்டாப், டெஸ்க்டாப்புக்கு மூணே வருஷம். அதாவது மூணு வருஷம் முடிஞ்சா கணக்குல அந்த லேப்டாப்போட மதிப்பு கிட்டத்தட்ட ஒண்ணுமில்லை. அதே சமயத்துலதான் கம்பெனி வாங்கி வெச்ச வாரன்ட்டியும் முடியும். பல கம்பெனிங்க லீஸுக்குத்தான் எடுத்திருப்பாங்க, லீஸ் முடிஞ்சா திருப்பிக் கொடுத்துடணும். அதனால நூறு, இருநூறுன்னு மொத்தமா கை மாறும். பெங்களூரு, சென்னை ஓ.எம்.ஆர். ஆபீஸ்கள்ல ஏ.சி. ரூம்ல மேஜை மேல உக்காந்திருந்த மெஷின், துடைச்சு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வந்து சேரும். மாடு உழும். முதலாளி டிராக்டருக்கு மாறிட்டார், அவ்ளோதான்.

பல்லைப் பிடிச்சுப் பாருங்க

மணப்பாறை சந்தைல மாடு வாங்கப் போறவர் கொம்பு சீவி எண்ணெய் தடவினதைப் பார்த்து மயங்க மாட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், நடக்க விட்டுப் பார்ப்பார். லேப்டாப்புக்கும் அதேதான். ஒரு மணி நேரம் கடையில உக்காரணும். உக்கார விடமாட்டேன்னு சொல்ற கடையில வாங்காதீங்க.

1. ஆன் பண்ணினதும் பயாஸுக்குள்ள போங்க. பாஸ்வேர்டு கேட்டா திருப்பிக் கொடுத்துடுங்க. "அதெல்லாம் தேவைப்படாது சார்"ங்கற பேச்சுக்கு மயங்காதீங்க.

2. உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, நெட் இணைப்போட விண்டோஸை ரீசெட் பண்ணச் சொல்லுங்க. திரும்பி வரும்போது ஏதாவது கம்பெனி பேரைக் காட்டி அந்தக் கம்பெனி லாகின் கேட்டா, அந்த மெஷின் இன்னும் பழைய முதலாளி பட்டியல்லயே இருக்குன்னு அர்த்தம். எவ்வளவு விலை குறைச்சாலும் வேணாம்.

3. பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்க. விண்டோஸ்லயே இருக்கற வசதிதான். செஞ்சப்போ எவ்வளவு கொள்ளளவு, இப்போ முழுசா ஏத்தினா எவ்வளவுன்னு ரெண்டு எண் வரும். பாதிக்கும் கீழன்னா புது பேட்டரிக்கான காசை விலைல குறைச்சுப் பேசுங்க. டச்பேட் மேல தூக்கிக்கிட்டு இருந்தா உள்ள பேட்டரி உப்பியிருக்கலாம். அதைத் தொடாதீங்க.

4. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. பென் டிரைவ்ல கொண்டு போய் ஓட்டினா எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு, உடம்பு எப்படி இருக்குன்னு சொல்லிடும்.

5. ஸ்க்ரீன்ல முழு வெள்ளை, முழு கறுப்பு ரெண்டையும் போட்டுப் பாருங்க. புள்ளி, திட்டு, ஓரத்துல மஞ்சள் தெரியுதா? 1920க்கு 1080 தானான்னு செட்டிங்ஸ்ல பாருங்க. ஒரே மாடல்ல நல்ல பேனலும் வரும், மட்டமான பேனலும் வரும். டி480லயே 768 பேனல் போட்டது உண்டு.

6. கீபோர்டுல ஒவ்வொரு கீயா அடிச்சுப் பாருங்க. நமக்குத் தமிழ்ல எழுதற வேலை இருக்கு, ஒரு கீ ஒட்டிக்கிச்சுன்னா கை ஒடிஞ்ச மாதிரி.

7. இருபது நிமிஷம் வீடியோ ஓட விடுங்க. அடிப்பக்கம் தொட முடியாத அளவுக்குக் கொதிச்சா உள்ள தூசி, பேஸ்ட் எல்லாம் சுத்தம் பண்ணித் தரச் சொல்லுங்க. எல்லா யு.எஸ்.பி. போர்ட்டும், ஹெட்போன் ஓட்டையும், கேமராவும், வைஃபையும் வேலை செய்யுதான்னு பாருங்க.

8. பில். அதுல மெஷினோட சீரியல் நம்பர் இருக்கணும். பின்பக்கத்துல இருக்கறதும், பயாஸ்ல இருக்கறதும், பில்லுல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும். பில் தரமாட்டேன்னா திருட்டு மெஷினா இருக்கவும் வாய்ப்பு உண்டு. நாளைக்கு போலீஸ் வந்தா நம்ம வீட்டு வாசல்லதான் நிப்பாங்க.

9. விண்டோஸ் ஆக்டிவேஷன் பக்கத்துல டிஜிட்டல் லைசென்ஸ்னு இருக்கான்னு பாருங்க. ஆபீஸ் மெஷின்கள்ல பெரும்பாலும் ஒரிஜினல் விண்டோஸ் கூடவே வந்திருக்கும்.

காசை எப்படிப் பிரிக்கறது?

முப்பதாயிரம்னா முழுசையும் மெஷின்ல போடாதீங்க. ஒரு நாலாயிரம், அஞ்சாயிரம் தனியா ஒதுக்கி வைங்க. அது பேட்டரிக்கும் எஸ்.எஸ்.டி.க்கும். முதல் வருஷத்துல இந்த ரெண்டுல ஒண்ணை மாத்த வேண்டி வரும்னு வெச்சுக்கிட்டே வாங்குங்க. மாத்த வரலைன்னா லாபம். வந்தா திண்டாட்டம் இல்லை.

புது மெஷின்ல இந்தக் கணக்கு வேற மாதிரி. முதல் வருஷம் வாரன்ட்டி பார்த்துக்கும். ரெண்டாவது வருஷம் ராம் பத்தலைன்னா, நீங்க கையில காசு வெச்சிருந்தாலும் செலவு பண்ண இடம் இருக்காது. ஏழைக்கு இதுதான் பெரிய விஷயம். மொத்தமா முப்பதாயிரம் திரும்பப் புரட்டறது கஷ்டம். மூவாயிரம் எப்படியாவது புரட்டிடலாம். ரிப்பேர் பண்ண முடியற மெஷின்னா, செலவையும் தவணைல பண்ண முடியற மெஷின்னு அர்த்தம். வட்டி இல்லாத தவணை!

முப்பது இல்லை, பதினஞ்சுதான் இருக்குன்னு சொல்றவங்களுக்கும் வழி இருக்கு. ஆறாவது, ஏழாவது தலைமுறை ஆபீஸ் மெஷின் ஒண்ணை எடுத்து, எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் மின்ட் ஏத்திடுங்க. பிரவுசர், லிபர் ஆபீஸ், தமிழ்ல எழுதறது, பைத்தான் பழகறது எல்லாம் நல்லா ஓடும். டேலி மாதிரி விண்டோஸ் சாஃப்ட்வேர்தான் வேணும்னு காலேஜ்ல சொன்னா மட்டும் இந்த வழி ஒத்து வராது. வாங்கறதுக்கு முன்னாடி டிபார்ட்மென்ட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

எப்போ புதுசு வாங்கலாம்?

எல்லாருக்கும் பழசுதான்னு நான் சாமியாடலை. இந்த ஆளுங்க புதுசே வாங்குங்க:

பக்கத்துல நல்ல மெக்கானிக் கிடையாது, டவுனுக்கு வரணும்னா அரை நாள் ஆகும், வீட்டுலயும் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லைன்னா, வாரன்ட்டிக்குக் கொடுக்கற காசு வீண் இல்லை.

தினமும் ரெண்டு பஸ் மாறிப் போற பொண்ணுக்கு எடை ஒரு பிரச்சினை. பழைய ஆபீஸ் மெஷின் பையில கனக்கும். பேட்டரியும் புது மெஷின் அளவுக்கு நிக்காது.

வீடியோ எடிட்டிங், 3டி, கேம் டிசைன் படிக்கறவங்களுக்கு 2018 ஐ5 பத்தாது. அவங்களுக்கு முப்பதாயிரமும் பத்தாதுங்கறது வேற விஷயம்.

பட்ஜெட் நாற்பதைத் தாண்டி நல்லாவே மேல போக முடியும்னா, அப்போ கணக்கு மாறும். அங்கயும் என் ஓட்டு "போன வருஷத்துப் புது மாடலுக்கு"த்தான். அதாவது பிரிக்காத பெட்டி, முழு வாரன்ட்டி, ஆனா ஒண்ணு ரெண்டு தலைமுறை பழைய சிப். ஐ5-1235யு, ரைசன் 5 7530யு மாதிரி. புது மாடல் வந்ததும் கடைக்காரர் பழைய ஸ்டாக்கைத் தள்ளப் பார்ப்பார். அந்த நேரம் பார்த்துப் பிடிச்சா நல்ல சரக்கு. அப்பவும் ராம் ஸ்லாட் இருக்கான்னு கேக்க மறக்காதீங்க.

அரசு லேப்டாப் கிடைக்கற பிள்ளைங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. 2011ல தமிழ்நாட்டுல தொடங்கின விலையில்லா மடிக்கணினித் திட்டம் நடுவுல சில வருஷம் நின்னு போச்சு. அந்த இடைவெளில காலேஜ் சேர்ந்த பிள்ளைங்க வீட்டுலதான் இந்த முப்பதாயிரம் கேள்வி அதிகமா எழுந்துச்சு. 2025-26 பட்ஜெட்ல ரெண்டு வருஷத்துல 20 லட்சம் காலேஜ் மாணவர்களுக்கு டேப்லெட்டோ லேப்டாப்போ தர்றதா அறிவிச்சாங்க. உங்க பிள்ளை அந்தக் கணக்குல வருதான்னு முதல்ல காலேஜ்ல விசாரிச்சுட்டு அப்புறம் காசை எடுங்க.

கடைசியா ஒரு வார்த்தை

நான் இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும் பல பேர் புது மெஷினையே வாங்குவாங்கன்னு எனக்குத் தெரியும். காரணம் ப்ராசசரோ ராமோ இல்லை. "முதல் தடவையா பிள்ளைக்கு ஒரு பொருள் வாங்கித் தர்றோம், யாரோ வெச்சிருந்ததையா கொடுக்கறது"ங்கற மனசு. அந்த மனசை நான் கிண்டல் பண்ண மாட்டேன். தீபாவளிக்குக் கடன் வாங்கியாவது புதுத் துணி எடுத்துக் கொடுக்கற மனசு அது.

ஆனா அந்த மனசை நல்லாத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான், காசு கம்மியா இருக்கறவங்களுக்குன்னே ஒரு மட்டமான சரக்கை செஞ்சு, மேல புதுப் பேரை ஒட்டி வெக்கறாங்க. ஒரு லட்ச ரூபா மெஷின்ல எந்தக் கம்பெனியும் 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. போட மாட்டான். வாங்கறவர் கேள்வி கேப்பார்னு அவனுக்குத் தெரியும். இட்லிக் கடை அக்கா கேக்க மாட்டாங்கன்னும் அவனுக்குத் தெரியும்.

அந்தக் கேள்வியை அவங்களுக்காகக் கேக்கற வேலை நம்மளோடது. விஷயம் தெரிஞ்ச நாம ஒரு சனிக்கிழமை மதியத்தை ஒதுக்கி, கூடவே கடைக்குப் போய், பயாஸைத் திறந்து பார்த்து, பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் கொடுத்தா ஒரு பிள்ளை படிப்பு முடியற வரைக்கும் நிம்மதியா எழுதும், படிக்கும். "ஆஃபர்ல பாருங்கண்ணே"ன்னு சொல்லிட்டுப் போறதை விட இது ஒண்ணும் பெரிய ஆணி இல்லை.

டிஸ்கி 1: மேல சொன்ன எந்தக் கம்பெனியும் எனக்கு ஒரு பைசா கொடுக்கலை. கொடுத்தா சொல்றேன் :-)

டிஸ்கி 2: விலையை நான் வேணும்னேதான் மாடல்வாரியா போடலை. ராம் விலை ஆடற ஆட்டத்துல பழைய மெஷின் விலையும் வாராவாரம் மாறுது. மூணு கடை ஏறி இறங்கிட்டு அப்புறம் பேசுங்க. முதல் கடையிலயே காசை நீட்டாதீங்க.